தார் ஒட்டிய காலும் கனடாவின் எண்ணெயும்

இது நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு, நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் எங்கள் தெருவில் தார் ரோடு போட்டார்கள். பேத்தி செருப்பில்லாமல் ஓடிப்போய், உள்ளங்காலில் தாரை அப்பிக்கொண்டு வந்து நின்றாள். மருமகள் வெந்நீர் விளாவித் தேய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் இளகியது, ஆனால் விடவில்லை. என் வீட்டம்மா உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து நாலு தேய் தேய்த்தாள். தார் கரைந்து துணியோடு வந்துவிட்டது.

அதைப் பார்த்ததும் எனக்கு முப்பது வருடத்துக்கு முந்தைய வகுப்பு ஒன்று ஞாபகம் வந்தது. அன்று நான் செய்த ஒரு தப்பும் கூடவே ஞாபகம் வந்தது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

வேதியியல் வகுப்பில் பெட்ரோலியம் பாடம். பாடப்புத்தகத்தோடு நிறுத்தாமல், கனடாவில் தார் மாதிரி எண்ணெய் மணலோடு கலந்து கிடக்கிறது, பூமிக்குள் நீராவியைச் செலுத்தி அதை இளக்கி எடுக்கப் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா ரோடு போடும் வேலைக்குப் போகிறவர்.

“சார், தார் ஒட்டுனா வெந்நீருக்குப் போகாது சார். எங்கப்பா மண்ணெண்ணெய் போட்டுத்தான் தொடைப்பாரு. அதையே உள்ள ஊத்தி எடுத்தா என்ன சார்?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். “எண்ணெய் எடுக்க எண்ணெய் ஊத்துவியாடா? உட்காரு” என்றேன். உட்கார்ந்துவிட்டான். அந்த வருடம் முழுக்க அவன் வேறு கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். அந்தப் பையன் கேட்ட கேள்வியையே உலகத்தின் மிகப் பெரிய எண்ணெய்ப் பொறியாளர்களில் ஒருவர், அவனுக்குச் சில வருடங்கள் முன்பு, தன் ஆய்வுக்கூடத்தில் கேட்டிருக்கிறார். அந்தக் கதையை இப்போது சொல்கிறேன்.

கனடாவின் மேற்கே அல்பர்ட்டா மாநிலம். அதன் வடபகுதியில் அத்தபாஸ்கா என்ற ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையிலும் சுற்றியுள்ள காடுகளின் அடியிலும் மணலோடு பிசைந்து கிடக்கும் எண்ணெய்க்குப் பிட்டுமின் என்று பெயர். அல்பர்ட்டாவில் இப்படிப்பட்ட படிவங்கள் இருக்கும் பரப்பு மொத்தம் சுமார் 1,42,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாடு 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். அவ்வளவு பெரிய நிலத்துக்கடியில் தார்!

அங்குள்ள கிரீ பழங்குடி மக்களுக்கு இது புதிதல்ல. 1719ஆம் ஆண்டிலேயே வாபாசு என்ற கிரீ மனிதர் இந்த மணலின் மாதிரியை ஹட்சன் விரிகுடாக் கரையில் இருந்த ஆங்கிலேய வணிகர்களிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அந்த மக்கள் பிட்டுமினைச் சூடாக்கி, ஸ்புரூஸ் மரத்தின் பிசினோடு கலந்து, படகில் நீர் புகாமல் பூசிவந்தார்கள். நம் மீனவர்கள் வள்ளத்துக்குப் பூசுவது போலத்தான்.

இந்த எண்ணெயை எடுப்பதில் என்ன கஷ்டம்? பாகுநிலைதான். பதினொன்றாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். 20 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை 1 என்று வைத்துக்கொண்டால், விளக்கெண்ணெய்க்குச் சுமார் 1,000 வரும். பூமிக்குள் குளிர்ந்து கிடக்கும் அத்தபாஸ்கா பிட்டுமினுக்கு 10 லட்சத்தையும் தாண்டும். கிணறு தோண்டினால் ஊறி வராது. நம் டெல்டாவில் நரிமணம் பக்கம் கிடைக்கும் எண்ணெய் தானாக ஓடும் ஜாதி. இது நகரவே நகராத ஜாதி.

இதற்கு முதல் வழி கண்டவர் கார்ல் கிளார்க். 1920களில் அல்பர்ட்டாவில் ஆராய்ச்சி செய்தவர். மணலை வெட்டி எடுத்து, வெந்நீரும் கொஞ்சம் காரமும் சேர்த்துக் கலக்கினால், எண்ணெய் நுரையோடு மேலே மிதக்கும், மணல் அடியில் தங்கும். மருமகள் செய்த வைத்தியம்தான். இந்த முறையில் பெரிய ஆலை 1967 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கிளார்க் 1966 டிசம்பரில் இறந்துவிட்டார். நாற்பது வருட உழைப்பு, திறப்பு விழாவைப் பார்க்க ஆள் இல்லை.

ஆனால் மண்ணை வெட்டி எடுப்பது மேலாக இருக்கும் படிவத்துக்குத்தான் சரிப்படும். சுமார் 75 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் வெட்டிக் கட்டுப்படியாகாது. எடுக்கக்கூடிய எண்ணெயில் ஐந்தில் நாலு பங்கு அப்படி ஆழத்தில்தான் இருக்கிறது. அதை இருந்த இடத்திலேயே இளக்கித்தான் எடுக்க வேண்டும்.

எப்படி இளக்குவது? 1958இல் மான்லி நாட்லண்ட் என்ற புவியியலாளர், பூமிக்குள் அணுகுண்டை வெடிக்கலாம், அந்தச் சூட்டில் தார் உருகிவிடும் என்று திட்டம் போட்டார். 9 கிலோடன் குண்டு, ஃபோர்ட் மெக்மர்ரே ஊருக்குத் தெற்கே ஓர் இடம் என்று கணக்கெல்லாம் போட்டார்கள். அரசுக் குழுவும் முதலில் தலையாட்டியது. நல்லவேளை, பிறகு கனடா அரசு அதைக் கைவிட்டது.

அடுத்த வருடம், 1959இல், வெனிசுவேலாவில் மேனே கிராண்டே என்ற இடத்தில் ஒரு விபத்து வழிகாட்டியது. அங்கே கெட்டி எண்ணெய்ப் படிவத்துக்குள் நீராவி செலுத்திக்கொண்டிருந்தார்கள். நீராவி தரையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. பதறிப்போய்க் கிணற்றைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். நீராவி செலுத்திய கிணற்றிலிருந்தே எண்ணெய் கொட்டியது! சில வாரம் நீராவி செலுத்து, கொஞ்ச நாள் ஊறவிடு, பிறகு அதே கிணற்றில் எண்ணெய் எடு என்ற முறை அப்படிப் பிறந்தது. கனடாவில் கோல்ட் லேக் என்ற இடத்தில் இம்பீரியல் ஆயில் நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்தது.

இப்போதுதான் நம் கதாநாயகர் வருகிறார். ரோஜர் பட்லர், 1927இல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வேதிப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, கனடாவுக்கு வந்து சில காலம் பாடம் நடத்தினார். 1955இல் இம்பீரியல் ஆயிலில் சேர்ந்தார்.

1960களில் அந்த நிறுவனம் பொட்டாஷ் உப்பு எடுப்பது பற்றியும் யோசித்தது. பூமிக்குள் இருக்கும் உப்புப் படிவத்துக்குத் தண்ணீர் விட்டால் உப்பு கரையும். கரைந்த உப்புநீர் கனமாக இருப்பதால் கீழே வடியும். நல்ல தண்ணீர் இலேசாக இருப்பதால் மேலே ஏறி இன்னும் கொஞ்சம் உப்பைக் கரைக்கும். வெட்டவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், புவியீர்ப்பே வேலையைச் செய்துவிடும்.

பட்லர் இதைத் தாருக்குப் பொருத்திப் பார்த்தார். உப்புக்குப் பதில் பிட்டுமின், தண்ணீருக்குப் பதில் நீராவி. நீராவி மேலே ஏறும், தாரைச் சூடாக்கும், இளகிய எண்ணெயும் குளிர்ந்த நீரும் கீழே வடியும். அதைப் பிடிக்கக் கீழே ஒரு கிணறு. அந்தக் கிணறு செங்குத்தாக இல்லாமல் படிவத்தின் அடியிலேயே படுத்தவாக்கில் நீளமாகப் போக வேண்டும். அதற்குச் சுமார் 5 மீட்டர் மேலே, அதே போக்கில், நீராவி செலுத்த இன்னொரு கிணறு. இவ்வளவுதான் விஷயம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அங்கே இதை ‘சாக்டி’ என்கிறார்கள்.

இப்போது எளிதாகத் தோன்றும். அந்தக் காலத்தில் படுத்தவாக்கில் கிணறு போடுவதே அபூர்வம். 1978இல் கோல்ட் லேக்கில் அப்படி ஒரு கிணறு போட்டுச் சோதித்தார்கள். பிறகு அல்பர்ட்டா அரசின் எண்ணெய் மணல் ஆராய்ச்சி அமைப்பு துணிந்து ஒரு காரியம் செய்தது. ஃபோர்ட் மெக்மர்ரேக்கு வடமேற்கே, எண்ணெய்ப் படிவத்துக்கும் கீழே இருக்கும் சுண்ணாம்புக்கல் பாறை வரை சுரங்கம் இறக்கி, அங்கிருந்து மேல்நோக்கிக் கிணறுகளைப் போட்டது. 1987இல் 60 மீட்டர் நீளமுள்ள மூன்று ஜோடிக் கிணறுகளில் சோதனை தொடங்கியது. பட்லர் சொன்னபடியே எண்ணெய் வடிந்தது. 2001இல் ஃபாஸ்டர் கிரீக் என்ற இடத்தில் இந்த முறை வணிக உற்பத்திக்கு வந்தது. இன்று அல்பர்ட்டாவில் ஆழத்தில் இருக்கும் எண்ணெயை எடுக்கும் முக்கிய வழி இதுதான்.

ஜெயித்துவிட்டாரே, அதோடு உட்கார்ந்துவிடலாமே? பட்லர் உட்காரவில்லை. தன் முறையின் குறை அவருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க இரண்டு மூன்று பீப்பாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவியாக்க வேண்டும். மோசமான படிவமாக இருந்தால் இன்னும் கூடும். அதற்குத் தோராயமாக 1,000 கன அடி இயற்கை எரிவாயுவை எரிக்க வேண்டும். புகை வானத்துக்குப் போகும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி எண்ணெய்க்குப் போவதில்லை. மணலும் பாறையும் குடித்துவிடுகின்றன. படிவம் ஒல்லியாக இருந்தாலோ, அடியில் தண்ணீர் இருந்தாலோ கட்டுப்படியே ஆகாது. இரும்புச் சட்டியில் ஒட்டிய ஒரு கரண்டிப் பாகை இளக்க, சட்டி முழுவதையும் அடுப்பில் ஏற்றுகிற மாதிரி.

1983இல் கால்கரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பட்லர், அங்கே இகோர் மோக்ரிஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் மெல்லிய இடைவெளி, அதற்குள் பிட்டுமின். நீராவிக்குப் பதில் டொலுயீன் என்ற கரைப்பானை விட்டார்கள். கரைப்பான் தாரின் விளிம்பைக் கரைத்தது. கரைந்த எண்ணெய் இலேசான கரைப்பானைவிடக் கனமாக இருந்ததால் கீழே வடிந்தது. புதுக் கரைப்பான் மேலே ஏறியது. 1989இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

கவனித்தீர்களா? உப்பைத் தண்ணீர் கரைப்பதில் தொடங்கியவர், நீராவிக்குப் போய், இருபது வருடம் கழித்து மறுபடி கரைப்பதற்கே வந்து சேர்ந்தார். கடைசி பெஞ்சுப் பையனின் மண்ணெண்ணெயும் இதே வேலையைத்தான் செய்தது.

“எண்ணெய் எடுக்க எண்ணெய் ஊத்துவியா?” என்று நான் கேட்டதற்கும் பட்லரிடம் பதில் இருந்தது. 1991இல் அவரும் மோக்ரிஸும் வெளியிட்ட முறைக்கு ‘வேபெக்ஸ்’ என்று பெயர். அதில் திரவத்தை ஊற்றுவதில்லை. புரொப்பேன் அல்லது பியூட்டேனை ஆவியாக அனுப்புகிறார்கள். நம் வீட்டு சிலிண்டரில் இருக்கும் அதே வாயுக்கள்தான். எண்ணெய் வடிந்து காலியான இடத்தை நிரப்பத் திரவம் என்றால் ஏராளமாக வேண்டும், ஆவி என்றால் கொஞ்சம் போதும். எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் கரைப்பானைப் பிரித்து மறுபடி உள்ளே அனுப்பலாம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் விதைநெல் மாதிரி. போட்டது வீணில்லை, அறுவடையோடு திரும்பி வரும்.

இன்னொரு லாபமும் உண்டு. புரொப்பேன் அதிகமாகச் சேர்ந்தால் பிட்டுமினில் இருக்கும் மிகக் கனமான அஸ்பால்ட்டீன்கள் பிரிந்து மண்ணிலேயே படிந்துவிடும். மேலே வருவது ஓரளவு தெளிந்த எண்ணெய். சுத்திகரிப்பு ஆலையில் செய்யும் வேலையில் ஒரு பகுதி பூமிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கொதிகலன் வேண்டாம், ஆற்றுத் தண்ணீர் வேண்டாம், எரிவாயு மலைமலையாக வேண்டாம்.

அப்படியானால் எல்லாரும் ஏன் உடனே இதற்கு மாறவில்லை?

இங்கேதான் நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய உண்மையான பதில் இருக்கிறது. அது வேகத்தைப் பற்றியது. சூடு மணலுக்குள் பரவும் வேகம் ஒன்று. கரைப்பானின் மூலக்கூறு தாருக்குள் விரவும் வேகம் வேறு. சூட்டைவிடக் கரைப்பான் நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவாகப் போகிறது. பேத்தியின் காலில் இருந்த தார் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. அதில் எண்ணெய் ஊறிப்போக ஒரு நிமிடம் போதும். போதாததற்குப் பாட்டியின் விரல் தேய்த்துக் கொடுக்கிறது. பூமிக்குள் தார் பத்து இருபது மீட்டர் கனம், தேய்த்துவிட யாரும் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் நன்றாக வந்ததற்கும் காரணம் உண்டு. அங்கே பெரும்பாலும் பயன்படுத்திய மணல் இடைவெளி நிறைந்தது, எண்ணெய் எளிதாக வடியும். நிஜப் படிவத்தில் அவ்வளவு வழி கிடையாது, நடுநடுவே களிமண் அடுக்குகள் வேறு. கரைப்பான் எல்லாமே திரும்பி வருவதும் இல்லை. ஒரு பகுதி மண்ணுக்குள் தங்கிவிடும். புரொப்பேனும் பியூட்டேனும் காசு கொடுத்து வாங்குகிற பொருள். விதைநெல்லில் பாதியை எலி தின்றால் விவசாயம் என்னாகும்?

பட்லரின் நீராவி முறையைச் சோதித்த அதே களத்தில் 2000களின் தொடக்கத்தில் வேபெக்ஸையும் சோதித்தார்கள். அது வணிக உற்பத்தியாக வளரவில்லை. பட்லர் 2005இல் காலமானார்.

யோசனை தோற்றுவிட்டதா? இல்லை. இரண்டையும் சேர்த்தால் என்ன என்று பலர் யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். நீராவி வேகமாக இளக்கட்டும், கூடப் போகும் கொஞ்சம் கரைப்பான் மேலும் இளக்கட்டும். நீராவி குளிர்ந்து நீராகும் அதே விளிம்பில் கரைப்பானும் திரவமாகித் தாரில் சேரும். சூடேறிய தாருக்குள் கரைப்பான் வேகமாகவும் விரவும். 2002இல் என்கானா நிறுவனம் சஸ்காச்சுவான் மாநிலத்தில் நீராவியோடு பியூட்டேன் சேர்த்துச் சோதித்தது. அதே வருடம் இம்பீரியல் ஆயிலும் கோல்ட் லேக்கில் நீராவியோடு இலேசான எண்ணெய் கலந்து பார்த்தது. என்சால்வ் என்ற சிறிய நிறுவனம் தண்ணீரே இல்லாமல், கரைப்பானையே மிதமாகச் சூடாக்கி அனுப்பும் முறையை 2014இல் களத்தில் இறக்கியது.

கடைசியாக, 2024இல் கோல்ட் லேக்கின் கிராண்ட் ராப்பிட்ஸ் திட்டத்தில், பட்லரின் ஜோடிக் கிணறுகளில் நீராவியோடு கரைப்பானும் செலுத்தி வணிக அளவில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு 15,000 பீப்பாய் என்பது இலக்கு. வழக்கமான நீராவி முறையைவிடப் பீப்பாய்க்கு வெளியாகும் கரிப்புகை 40 சதவீதம் வரை குறையும் என்கிறது இம்பீரியல் ஆயில் நிறுவனம். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே டொலுயீன் வடிந்ததற்கும் இதற்கும் இடையே 35 வருடங்கள்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. குறைவது எண்ணெயை வெளியே எடுப்பதற்கான புகை மட்டும்தான். எடுத்த எண்ணெயை வண்டியில் ஊற்றி எரிக்கும்போது வரும் புகைதான் பெரிது, அது அப்படியேதான் இருக்கிறது. அதனால் இதைப் பூமியைக் காப்பாற்றும் கண்டுபிடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கெட்ட செலவைக் கொஞ்சம் குறைக்கும் வழி, அவ்வளவுதான். அந்தக் காட்டிலும் ஆற்றிலும் வாழும் மக்களுக்கு அதுவும் ஒரு பொருட்டுத்தான்.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

அந்தப் பையனின் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. அவன் அப்பாவின் கையைப் பார்த்து, தாரின் குணத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான். வெப்பத்தால் இளகுவது வேறு, கரைப்பானில் கரைவது வேறு என்று பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை ஒரே வரியில் சொல்லிவிட்டான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? “நல்ல கேள்விடா. ஊத்தினா எவ்வளவு நேரம் ஆகும்? ஊத்தினது திரும்பி வருமா? யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்லு” என்று கேட்டிருக்க வேண்டும். பொறியாளர்கள் 35 வருடமாக மல்லுக்கட்டிய கேள்விகளே அந்த இரண்டும்தான். பதில் எனக்கும் தெரியாமல் இருந்திருக்கும். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது.

வகுப்போடு சேர்ந்து சிரித்தது எனக்குச் சுலபமாக இருந்தது. ஆசிரியர் சிரித்தால் அது தீர்ப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

உங்களில் எத்தனையோ பேர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். பலர் அப்பா அம்மாவாக இருக்கிறீர்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்வி உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றினால், சிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். பெயரைக் கீழே எழுத வேண்டாம், அவனிடம் இதைப் படிக்கச் சொன்னால் போதும். தம்பி, நீ படித்தால் ஒரு போன் பண்ணு. நேரில் வந்தால் இன்னும் நல்லது. அன்று நீ கேட்டதற்கு இப்போது பதில் வைத்திருக்கிறேன். நீ இன்னொரு கேள்வி கேட்டால், இந்தத் தடவை சிரிக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்